இல்லாததை வாடகைக்கு விடுதல்

தையல்காரரின் மனைவிக்கு அவள் அம்மா விட்டுப்போனது, ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலமும் அதில் ஒரு கல் அறையும் ஒரு கிணறும். அங்கே மின்சாரம் இல்லை. செல்போனுக்கு சிக்னல் இல்லை. பேருந்து இல்லை. பக்கத்து வீடு இல்லை. இத்தனை இல்லைகளையும் பல வருடங்களாக அவர்கள் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குள் ஆயத்த ஆடைக் கடைகள் பெருகியபின் தையல்காரரிடம் யாரும் அளவு கொடுக்க வருவதில்லை. நீளமாக வாங்கியதைக் குட்டையாக்கவும், இறுக்கமாக வாங்கியதைத் தளர்த்தவும் மட்டும் வந்தார்கள். பிறகு அதற்கும் வரவில்லை. அவர் தைத்துக்கொண்டிருந்த கடை முகப்பை வேறொருவர் செல்போன் உறை விற்க எடுத்துக்கொண்டார். தையல் மெஷின் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றது. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் அதற்கு வழிவிட்டுப் போனார்கள்.

கடைசியாக வந்த வாடிக்கையாளர் பெருநகரத்துப் பெண்மணி ஒருவர். கோட்டின் கையைக் குறைக்கக் கொண்டுவந்திருந்தார். தையல்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பெண்மணி சொன்னார்: "போன லீவுக்கு ஒரு இடத்துக்குப் போனோம். கரண்ட் கிடையாது, சிக்னல் கிடையாது, ஒண்ணுமே கிடையாது. அப்படி ஒரு சுகம்."

"அங்க கரண்ட் எப்பங்க வரும்?" என்று தையல்காரர் அனுதாபத்தோடு கேட்டார்.

"வராது. அதுக்குத்தானே காசு கொடுக்கறோம்."

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவியின் ஊசி நின்றது. பெண்மணி போனதும் அவள் சொன்னாள்: "ஏங்க, நம்மகிட்ட எது இருக்கோ இல்லையோ, அந்த ஒண்ணுமே இல்லாதது நிறைய இருக்கு. அதை வாடகைக்கு விட்டா என்ன?"

தையல்காரர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது கழுத்தில் தொங்கும் டேப்பை இரண்டு கையாலும் இழுத்துக்கொள்வார். "இல்லாததை எப்படி விடறது?"

"சுத்தமாப் பெருக்கிட்டு விடறது."

நிலத்தில் பாதி அவள் அண்ணனுக்குச் சொந்தம். அவருக்குச் செங்கல் சூளை இருந்தது. எந்த மண்ணைப் பார்த்தாலும் அதில் எத்தனை செங்கல் தூங்குகிறது என்று சொல்லிவிடுவார். திட்டத்தைக் கேட்டுவிட்டு மச்சினனுக்கே உரிய சிரிப்பைச் சிரித்தார்.

"மாப்பிள்ளை, இருட்டைக் காசு கொடுத்து வாங்க எவன் வருவான்? நம்ம ஊர்ல அது தெருத் தெருவா சும்மா கிடக்கு."

"வருவாங்கண்ணே," என்றாள் தங்கை.

"சரி, ஆசைப்படறே. ஸ்கூலுக்கு லீவு விடற அன்னைக்குள்ள உரிமம் வாங்கி, ஒரே ஒரு ஆளைத் தங்க வச்சுக் காட்டு. என் பாதியையும் உனக்கே விட்டுடறேன். முடியலையா, மறுநாளே மண்ணு வெட்ட ஆளோட வருவேன். அறையை இடிச்ச கல்லு எனக்கு வேண்டாம், நீங்களே எடுத்துக்கங்க."

அவர் தாராள மனசுக்காரர்.

தையல்காரர் வீட்டில் காசு இல்லாத நாளிலும் வெட்டுத்துணி இருக்கும். மூட்டை மூட்டையாக இருந்த துண்டுகளை அடைத்து இரண்டு மெத்தை தைத்தார்கள். படுத்துப் பார்த்தபோது முதுகில் ஏதோ குத்தியது. மனைவி பிரித்து, உள்ளேயிருந்து ஒரு பொத்தானை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடியும் தைத்தாள். யாரோ வாங்க வராமல் போன கோட்டுகளின் உள்துணி ஜன்னல் திரையானது. போர்வையில் ஊரில் பாதிப் பேரின் சட்டை இருந்தது. கதவுக்குப் பழைய டப்பாவில் மிச்சமிருந்த பச்சை வண்ணத்தை அடித்தார்கள். அது மேலிருந்து முழங்கால் உயரம் வரை வந்து தீர்ந்தது. "கீழ யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க," என்றாள் அவள். கிணற்றுக்குப் புதுக் கயிறு, இரண்டு அரிக்கேன் விளக்கு, ஒரு மண்பானை. இல்லாமைக்குத் தேவையான எல்லாம் தயாரானது.

உரிமம் மட்டும் வேண்டியிருந்தது. உரிமத்தை அமைதித் தங்குமிட வாரியம் கொடுத்தது.

வாரியம் ஊரைத் தாண்டி மலையடியில், பெரிய மரங்களுக்கு நடுவே இருந்தது. அமைதியைப் பற்றிய வாரியம் என்பதால் அமைதியான இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டி முடித்தபின் அந்த அமைதி வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால், ஜன்னல்களை மூடி, அறைக்கு நான்கு மின்விசிறிகள் போட்டு, வாசலில் ஒரு மின்சார மணியையும் மாட்டினார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் நீலச் சட்டைக்காரர் ஒருவர் நடைவழியின் நடுவில் வந்து நின்று, "அமைதி!" என்று கத்துவார். அவர் வேலை அதுதான். யாரும் பேசாவிட்டாலும் கத்துவார். யாராவது பேசுகிறார்களா என்று பார்ப்பது வேறொருவரின் வேலை. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

எழுத்தர் அவர்களை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லாததால் அவர்கள் நின்றார்கள்.

"இடத்துல என்னென்ன வசதி?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றார் தையல்காரர்.

"ஒண்ணும் இல்லைன்னு மொட்டையா எழுத முடியாது. என்னென்ன இல்லைன்னு சொல்லுங்க."

"கரண்ட் இல்லை."

"சரி."

"சிக்னல் இல்லை."

"சரி. டிவி?"

"கரண்டே இல்லாதப்ப டிவி எப்படிங்க..."

"கரண்ட் இல்லாததும் டிவி இல்லாததும் ஒண்ணா? ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. லிஃப்ட்?"

"மாடியே கிடையாதுங்க. ஒரே அறை."

"அப்ப மாடியும் இல்லை, லிஃப்டும் இல்லை. நீச்சல் குளம்?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "கிணறு இருக்குங்க."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "இதோ பாருங்க. நல்லாப் போயிட்டிருக்கு. இருக்கறதைச் சொல்லிக் கெடுத்துக்காதீங்க."

"அமைதி!" என்று நடைவழியில் சத்தம் கேட்டது.

ஒருவழியாகப் பட்டியல் முடிந்தது. எழுத்தர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவு இல்லாத இடம் எங்களுக்கு வந்து ரொம்ப நாளாச்சு," என்றார். தன் அம்மாவின் சொத்தை ஒரு அதிகாரி புகழ்ந்து மனைவி கேட்பது அதுவே முதல் தடவை. திரும்பி வரும்போது வேகமாக நடந்தாள்.

அடுத்து, இடம் அமைதியாக இருக்கிறதா என்று அளக்க வாரியத்தின் ஒலி அளவீட்டு அலுவலர் வந்தார். ஜீப்பில் வந்தார். அவருடைய கருவிக்கு மின்சாரம் வேண்டும், அங்கே மின்சாரம் இல்லை என்பதால், ஜீப்புக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டரைக் கட்டி இழுத்து வந்திருந்தார். அதை அறைக்கு முன்னால் நிறுத்தி ஓட்டினார்கள். மரத்திலிருந்த காகங்கள் கிளம்பிப் போயின. கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருந்த தவளை உள்ளே குதித்தது. கதவின் பச்சை வண்ணம் ஓரிடத்தில் உதிர்ந்தது.

அலுவலர் கருவியைப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஏதோ சொன்னார்.

"என்னங்க?" என்று தையல்காரர் கத்தினார்.

"சத்தம் ரொம்ப அதிகமா இருக்கு!"

"அந்த மெஷினை நிறுத்திட்டு அளந்து பாருங்களேன்!" என்று மனைவி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"அதை நிறுத்தினா இது எப்படிம்மா ஓடும்?"

எல்லாம் முடிந்து ஜெனரேட்டரை நிறுத்திய பிறகு அலுவலர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "தொழிற்சாலைகூட இவ்வளவு இரைச்சல் போடறதில்லை. இதுல எப்படிக் குடியிருந்தீங்க?"

"நீங்க வர்ற வரைக்கும் இந்தச் சத்தம் இல்லைங்க," என்றார் தையல்காரர்.

"நான் வர்றதுக்கு முன்னாடி இருந்ததை நான் எப்படி அளக்க முடியும்?"

அலுவலர் இறங்கி வந்து, தகப்பன் போல அவர் தோளில் கை வைத்தார். "உங்களைப் பாத்தா பாவமா இருக்கு. ஒரு வழி சொல்றேன். மின் அலுவலகத்துல சொல்லி ஒரு கரண்ட் கனெக்ஷன் வாங்கிடுங்க. கருவியை அதுல செருகிட்டா ஜெனரேட்டர் வேண்டாம். அப்ப அளந்தா அமைதியா இருக்கும்."

அந்த அறைக்கு மின்சாரம் கேட்டு அவள் அம்மா கொடுத்த மனு மின் அலுவலகத்தில் பல வருடமாக இருந்தது. கம்பம் நட முடியாத தூரம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது தையல்காரர் புது மனுவோடு போனார். அதன் ஓரத்தில் அலுவலர், 'அமைதியை அளக்க அவசரம்' என்று எழுதியிருந்தார். ஒரே வாரத்தில் வயல் வழியாகக் கம்பங்கள் வரிசையாக நடந்து வந்தன. இணைப்பு கொடுத்தால் அதில் ஏதாவது ஓடியாக வேண்டும் என்று சொல்லி, ஒரு மின்விசிறியையும் ஒரு குழல் விளக்கையும் அவர்களே மாட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று மதியம் மனைவி அந்த மின்விசிறிக்கு அடியில் ஒட்டுப்போட்ட மெத்தையில் உட்கார்ந்தாள். தலைமுடி பறந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள்.

"பழகிக்காத. இதை இல்லாம ஆக்கணும்."

"தெரியும். இன்னும் கொஞ்ச நேரம்."

இரண்டாவது தடவை அலுவலர் கருவியைச் சுவரில் செருகி அளந்தார். முள் அசையவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது தவளை கத்தியது.

"யார் அது?"

"தவளைங்க."

"உங்களுதா?"

"இல்லைங்க. அதுவா வந்தது."

"அப்ப சரி," என்று அலுவலர் தேர்ச்சி கொடுத்துவிட்டார். வளர்ப்புத் தவளையாக இருந்தால் விதி வேறு.

இனி மேலாளரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார் எழுத்தர். பள்ளிகளில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. லீவு நெருங்கிவிட்டது. அண்ணன் ஒரு நாள் சைக்கிளில் வந்து, அறையைச் சுற்றி நடந்து, குச்சியால் அங்கங்கே மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டு, "சும்மா பார்த்தேன்," என்று சொல்லிப் போனார். தையல்காரர் தம்பதி மறுநாள் காலையிலேயே வாரியத்துக்குப் போனார்கள்.

மேலாளரின் அறையில் நான்கு மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றின. மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்திருந்தார். ஒரு தாளைப் படிக்க வேண்டுமானால் கல்லை எடுக்க வேண்டும். கல்லை எடுத்தால் தாள் பறந்துவிடும். அதனால் அவர் படிப்பதில்லை. கையெழுத்துப் போடும் மூலை மட்டும் கல்லுக்கு வெளியே தெரியும்படி எழுத்தர் வைத்துக் கொடுப்பார்.

மேலாளரின் சட்டை அவர் இப்போது இருப்பதைவிட மெலிந்த ஒருவருக்குத் தைத்தது என்பதைத் தையல்காரர் உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டார். இடுப்புப் பக்கம் தையலைப் பிரித்துவிடலாம், உள்ளே துணி இருக்கும். சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

"உங்க இடத்துல கரண்ட் இருக்கே?" என்றார் மேலாளர்.

"நீங்க சொல்லித்தாங்க போட்டோம்."

"அளக்கறதுக்குப் போடச் சொன்னோம். வச்சுக்கச் சொன்னோமா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஜனங்களுக்கு வசதி மேல அவ்வளவு ஆசை. கரண்ட் இல்லாம வாழக் கத்துக்கணும்னு, இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். என் வீட்டுல ரெண்டு ஜெனரேட்டர் வச்சிருக்கேன். எதுக்கு? கரண்ட் போயிட்டா என்னால கரண்ட் இல்லாததைப் பத்தி யோசிக்கவே முடியாது. அவ்வளவு ஈடுபாடு. அமைதியைப் பத்தி ஒரு தடவை மைக்குல மத்தியானத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும் பேசியிருக்கேன். கேக்க வந்தவங்க அத்தனை பேரும் தூங்கிட்டாங்க. அதைவிட என்ன வெற்றி வேணும்? சும்மா இருக்கறது லேசுப்பட்ட வேலைன்னு நினைக்காதீங்க. இந்தக் கட்டடத்துல பதினோரு பேர் இருக்கோம். எல்லாரும் அதுல பயிற்சி எடுத்தவங்க."

"அமைதி!" என்றது நடைவழி.

"பாத்தீங்களா," என்றார் மேலாளர்.

"அப்ப கரண்டை வெட்டச் சொல்லி நாங்களே மின் அலுவலகத்துல எழுதிக் கொடுத்துடறோங்க," என்றாள் மனைவி.

மேலாளர் திடுக்கிட்டார். "அதெல்லாம் கூடாதும்மா. கரண்ட் கேக்கறது உங்க சொந்த ஆசை, அதை நீங்க எழுதலாம். கரண்ட் வேண்டாம்கிறது கொள்கை முடிவு. அதை வாரியம்தான் எழுதணும்."

எழுத்தர் வாரியத்தின் பெயரும் முகவரியும் பெரிதாக அச்சடித்த தாளை எடுத்துத் தட்டச்சு செய்தார். மின்சாரம் தேவையில்லை என்று வாரியம் முடிவெடுத்துவிட்டது, உடனே நிரந்தரமாகத் துண்டிக்கவும் என்று எழுதியிருந்தது. தையல்காரர் எட்டிப் பார்த்தார். யாருடைய மின்சாரம் என்று அதில் எங்கேயும் இல்லை.

"எங்க வீட்டு முகவரியை எழுதலையேங்க?"

"ஓய்வெடுக்கற இடத்தோட முகவரி ரகசியம். வெளி அலுவலகத்துக்கு நாங்க சொல்லக் கூடாது. சொன்னா ஆள் நடமாட்டம் வந்து அமைதி கெட்டுடும்."

"அப்ப அவங்க எங்க வந்து..."

"அமைதி!"

தையல்காரர் வாயை மூடிக்கொண்டார். அவர் மரியாதை தெரிந்தவர். மேலாளர் கல்லுக்கு வெளியே தெரிந்த மூலையில் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் அறைக்குத் திரும்பி வந்து காத்திருந்தார்கள். துண்டிக்க யாரும் வரவில்லை. மின்விசிறி போட்டால் சுற்றியது. அதை நிறுத்தி வைத்துவிட்டு அதன் கீழே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அனுபவித்தால் குற்றமாகிவிடுமோ என்று தையல்காரருக்குப் பயம். பரீட்சை முடியப் போகிற வாரத்தில் பொறுக்க முடியாமல் மறுபடியும் வாரியத்துக்குப் போனார்கள்.

வாரியத்தின் வாசலில் கம்பத்தின் மேல் ஒருவர் ஏறியிருந்தார். கீழே நின்ற இன்னொருவர் மேலாளரிடம் கடிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க இல்லைய்யா. இது வாரியம்," என்றார் மேலாளர்.

"கடிதத்துல இருக்கற ஒரே முகவரி இதாங்க. கையெழுத்தும் உங்களுதுதான். நிரந்தரமாத் துண்டிக்கணும், உடனேன்னு போட்டிருக்கு."

மேலாளர் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். சுற்றிலும் வாரியத்தின் பத்துப் பேரும் நின்றார்கள். எழுத்தர் வானத்தைப் பார்த்தார்.

"என்னுதுதான்," என்றார் மேலாளர். "என் கையெழுத்தை நானே இல்லைன்னு சொன்னா, நாளைக்கு எவன் மதிப்பான்?"

கம்பத்தில் இருந்தவர் வெட்டினார்.

மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. மேலாளர் தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கல்லை எடுத்தார். தாள் பறக்கவில்லை. இன்னொரு கல்லை எடுத்தார். துண்டிப்புக் கடிதத்தின் நகல் அதற்கடியில் இருந்தது. முதல் தடவையாக முழுவதும் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றார்.

நடைவழியில் நீலச் சட்டைக்காரர் மணிக்காகக் காத்து நின்றார். மணி அடிக்கவில்லை. அதனால் கத்தவில்லை. வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றார். கட்டடம் முழுக்க ஏதோ ஒன்று பரவியது. பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது என்ன சத்தம்?" என்று எழுத்தர் பயந்துபோய்க் கேட்டார்.

தையல்காரர் மனைவி காதைக் கொடுத்துக் கேட்டாள். "மரத்துல இலைங்க."

துண்டித்ததற்கான சான்று கைக்கு வந்ததும் எழுத்தர் சுறுசுறுப்பாகிவிட்டார். கோப்பில் வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து உரிமத்தை எழுதிக் கொடுத்தார். தையல்காரர் படித்தார். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. இடம் என்ற இடத்தில் வாரியத்தின் முகவரி இருந்தது.

"இது நீங்க இருக்கற இடங்க."

"கரண்டைத் துண்டிச்ச இடத்துக்குத்தான் உரிமம். உங்க அறையில இன்னும் ஃபேன் ஓடுது. அதுக்குப் போய் எப்படிக் கொடுக்கறது? நியாயமாப் பேசுங்க."

மேலாளர் அன்றே மின் அலுவலகத்துக்கு ஓடினார். இணைப்பைத் திருப்பிக் கேட்டார். மின்சாரமில்லாத் தங்குமிடம் என்று உரிமம் பெற்ற கட்டடத்துக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம், அந்த விதியை எழுதி அனுப்பியதே உங்கள் வாரியம்தான் என்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். உரிமத்தை ரத்து செய்யக் குழு கூட வேண்டும். குழு கூடும் மண்டபத்தில் மைக் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மைக் வேலை செய்யவில்லை.

"ஜன்னலையாவது திறங்களேன்," என்றாள் தையல்காரர் மனைவி.

"அது கட்டடப் பராமரிப்புப் பிரிவும்மா," என்றார் எழுத்தர், முகத்தை விசிறிக்கொண்டே.

மூன்று நாள் வாரியம் வேர்த்தது. பிறகு, மின்சாரம் உள்ள கட்டடம் ஒன்றுக்குத் தற்காலிகமாக மாறுவது என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் யாரும் குடியில்லாமல், மின்விசிறியோடு, புதுக் கம்பி இழுத்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேலாளரே தையல்காரர் வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் மெஷினைச் சுற்றிவந்து நின்று பேசினார்.

"வாடகை எவ்வளவுங்க கொடுப்பீங்க?" என்று தையல்காரர் கேட்டார்.

"உரிமம் இல்லாத இடத்துக்கு வாடகை கொடுக்க எங்க விதியில இடமில்லை. உரிமம் இல்லாம வாடகைக்கு விட்டா உங்க மேலதான் நடவடிக்கை எடுக்கணும். அதனால உங்க நல்லதுக்காகச் சும்மாவே இருந்துக்கறோம்." பையிலிருந்து ஒரு பெரிய சாவிக்கொத்தை எடுத்தார். "அந்தக் கட்டடத்தை நீங்க பாத்துக்கங்க. காவலாளி இருட்டுல உட்கார மாட்டேங்கறான். எப்படியும் உரிமம் உங்க பேர்லதானே இருக்கு."

தையல்காரர் டேப்பை இழுத்துப் பிடித்தபடி நின்றார். அறை போனது, வாடகையும் இல்லை, லீவுக்கு இரண்டே நாள். அவர் மனைவி சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். உரிமத்தை எடுத்து இடத்தின் பெயரை இன்னொரு தடவை படித்தாள். பிறகு கோட்டுக்காரப் பெண்மணி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

பள்ளிகளுக்கு லீவு விட்ட அன்றைக்கே, மறுநாள் வரை பொறுக்க மனமில்லாமல், அண்ணன் மண்வெட்டிக்காரர்களோடு நிலத்துக்கு வந்துவிட்டார். கல் அறைக்குள் பத்துப் பேர் ஒரே மின்விசிறிக்கு அடியில் மெத்தைகள்மேல் நெருங்கி உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கதவுக்கு மேல் மின்சார மணி மாட்டியிருந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்த நேரத்தில் அது அடித்தது.

"அமைதி!" என்று கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

அண்ணன் இரண்டடி பின்வாங்கினார். அரிக்கேன் விளக்குகளையும் போர்வையையும் எடுத்துப்போக வந்திருந்த தங்கையிடம் கேட்டார்: "யாரு இவங்கெல்லாம்?"

"வந்து தங்கியிருக்காங்க அண்ணே."

"காசு கொடுத்தாங்களா?"

"இல்லை."

"இந்த இடத்துக்கு உரிமம் இருக்கா?"

"இந்த இடத்துக்கு இல்லை."

"அப்பறம் என்ன," என்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "வெட்டுங்கடா."

முதல் மண்வெட்டி விழுந்ததும் மேலாளர் வெளியே வந்தார். "யாருய்யா அது? இது வாரிய அலுவலகம். இங்க ஒரு கை மண்ணு எடுக்கணும்னாலும் விண்ணப்பிக்கணும்."

"என் நிலம்யா இது! எங்க விண்ணப்பிக்கணும்?"

"உள்ள. வரிசையில வாங்க."

வரிசையில் அண்ணன் மட்டும்தான் இருந்தார். இருந்தாலும் நிற்க வைத்தார்கள். தங்கை போர்வையை மடித்துக்கொண்டு கிளம்பும்போது உள்ளேயிருந்து எழுத்தரின் குரல் கேட்டது: "உங்ககிட்ட என்னென்ன இல்லைன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

தையல்காரர் அதற்குள் மலையடிக் கட்டடத்தில் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தார். மரங்களின் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனது. கூழாங்கற்களைப் பொறுக்கி வாசல் செடிகளுக்கு வரம்பு கட்டினார். மெஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் போட்டார். அது காலால் மிதிப்பது, மின்சாரம் கேட்காது. குழு கூடும் மண்டபத்தின் கனத்த திரைகளைக் கழற்றி, மேலாளரின் பெரிய மேசைமேல் விரித்து, படுக்கை விரிப்புக்கு அளவு போட்டு வெட்டினார். அந்த மேசையில் வேலை நடந்தது அதுவே முதல் தடவை.

சாயங்காலம் பெருநகரத்துப் பெண்மணி கணவரோடு வந்து இறங்கினார். கை குறைத்த கோட்டைப் போட்டிருந்தார். உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முகவரி சரியாக இருந்தது. காசைக் கொடுத்தார். தையல்காரர் மனைவி அதை எண்ணாமல் முந்தானையில், அந்தப் பொத்தானோடு சேர்த்து முடிந்துகொண்டாள். பிறகு அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அண்ணன் இன்னும் வரிசையில் இருக்கிறார், மூன்றாவது 'இல்லை'யில் ஏதோ சந்தேகமாம் என்று பதில் வந்தது. பாதி நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாகவும், தன்னை எப்படியாவது வெளியே எடுக்கும்படியும் சொல்லியிருந்தார்.

அரிக்கேனை ஏற்றியபின் பெண்மணி தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் கணவர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார். ரொம்ப நேரம் இலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்படி ஒரு நிம்மதியை நான் எங்கயும் பார்த்ததில்லைங்க," என்றார் பெண்மணி. "பெரிய கட்டடமா இருக்கே. இதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தாங்க?"

"ஒரு வாரியம் இருந்துச்சுங்க," என்றாள் தையல்காரர் மனைவி.

"என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?"

அவள் நியாயமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இப்ப நீங்க செய்யறதைத்தாங்க," என்றாள். "கொஞ்சம் சத்தமா."